பாட்டு வராத வேகத்தில் ஆத்தாளைச் சுற்றினேன்

மாசி மாதம், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், என் இருதயம் துடிப்பதை டிவி மாதிரி ஒரு பெட்டியில் நானே பார்த்தேன். நெஞ்சில் சில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். எக்கோ என்கிறார்களே, அதுதான். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று திறந்து திறந்து மூடியது. பார்க்கப் பார்க்க எனக்கே அதன்மேல் பாவமாக இருந்தது. அப்புறம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார், கீமோ ஆரம்பிக்கும் முன் பார்த்ததைவிட இப்போது உங்கள் இருதயத்தின் பலம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று.

கொஞ்சம் என்றுதான் சொன்னார். என் காதில் விழுந்தது இறங்கியிருக்கிறது என்பது மட்டும்தான். மார்பில் வந்த நோய்க்கு மருந்து ஏற்றப் போனால் அது நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறதே என்று, அந்த நாற்காலியிலேயே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மாரியாத்தாளை நம்புகிற சொந்தங்களே, அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தவள்தான் இன்றைக்கு உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து ஒரே பரபரப்பு. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியவில்லை. என் நாத்தனார் நங்கையா பக்கத்தில் இருந்துகொண்டு, முதலிலிருந்து சொல், அப்போதுதான் படிப்பவர்களுக்குப் புரியும் என்கிறார். சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

என் பெயர் பூங்கொடி. சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது என் பிழைப்பு. வீட்டுக்காரர் பழனிசாமி லாரி ஓட்டுகிறார், வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப வெகுநாள் ஆகும். அவருடைய அக்கா ராமாயி எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்காரரின் அக்காவை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். எனக்கு அவர் நாத்தனார், மாமியார், அம்மா எல்லாம். சண்டை போடவும் அவர்தான், சோறு போடவும் அவர்தான்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நங்கையா விடவில்லை. பலகாரம் சுட்ட எண்ணெய் ஆறுவதற்குள் என்னை பஸ் ஏற்றிவிட்டார். கார்த்திகையில் அந்த மார்பை எடுத்து ஆபரேஷன் முடிந்தது. பொங்கல் கழிந்ததும் கீமோ தொடங்கியது. முதலில் சிவப்பு மருந்து. பாட்டிலில் பார்த்தால் ரோஸ் சர்பத் மாதிரி இருக்கும். அதை நான்கு தடவை ஏற்ற வேண்டும், அப்புறம் வேறு மருந்து என்றார்கள்.

முதல் நாளே டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இந்த மருந்து நோயை நன்றாக அடிக்கும், ஆனால் சில பேருக்கு இருதயத்தையும் பலவீனமாக்கிவிடும், அதனால் அவ்வப்போது எக்கோ பார்ப்போம், நீங்களும் படுத்தே கிடக்காமல் தினமும் நடக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர், நங்கையா, நான், மூன்று பேரும் தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்று பேரும் சேர்ந்து அதை மறந்துவிட்டோம்.

ஏன் மறந்தோம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் உடம்பில் சூடு ஏறி ஒருவர் படுத்துவிட்டால், அது அம்மை போட்ட மாதிரிதான். வாசலில் வேப்பிலை, வெளியாள் வரக்கூடாது, தாளிப்பு வாசம் ஆகாது, படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நங்கையாவுக்குக் கீமோ என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் சூடு என்றால் தெரியும். மருந்து ஏறிய உடம்பு கொதித்ததும், முடி கொட்டியதும் பார்த்து, அதே மரியாதையை எனக்கும் செய்துவிட்டார். ஃபேனுக்கு நேர்கீழே கட்டில். என் தையல் மெஷின்மேல் நான் தைத்த தார்ப்பாயையே போட்டு மூடிவிட்டார். கூட்டம் சேர்க்காமல் இருந்தது நல்லது, கிருமி அண்டவில்லை என்று டாக்டரம்மா பின்னால் பாராட்டினார். படுக்க வைத்ததுதான் தப்பாகப் போனது.

இரண்டாவது மருந்து ஏறிக் கொஞ்ச நாள் கழித்து, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். பாதிப் படியில் நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. மூச்சு வாங்கியது. அடுத்த படியில் காலை வைக்கப் பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து ஆள் தூக்கும் தார்ப்பாயை மெஷினில் தள்ளித் தள்ளித் தைத்த உடம்பு இது. இரண்டு வேட்டி எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் சொன்ன அந்த எக்கோ.

டாக்டரம்மா ஒளிக்கவில்லை. இருதயத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மருந்தை ஏற்றிவிட்டு மறுபடி எக்கோ பார்க்கலாம், இன்னும் இறங்கினால் நான்காவதை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். நடக்கிறீர்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனிமேலாவது நடங்கள், அது இருதயத்துக்கு உதவும், முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது, ஆனால் உங்கள் கையில் இருக்கிற மருந்து அதுதான் என்றார்.

மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். ஏற்றினால் நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேரே எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறைய வேண்டுவதற்கு வாய் வரவில்லை.

"ஆத்தா, என்ற நெஞ்ச நீ தாங்கிக்க தாயி. மருந்து முடியற வரைக்கும் தாங்கு. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

இவ்வளவுதான் கேட்டேன். கேட்டுவிட்டு, தினமும் உன்னை அடிப்பிரதட்சணம் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நடந்தது மாதிரியும் ஆச்சு, வேண்டுதலும் ஆச்சு என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். அடிப்பிரதட்சணம் தெரியும்தானே? ஒரு காலின் பெருவிரலுக்கு மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து, அடி அடியாகக் கோயிலைச் சுற்றுவது. நங்கையாவும் இதற்கு மட்டும் சரி என்றார். ஆத்தாளைச் சுற்றுவதைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம், ஆனால் மெதுவாகப் போ, நிறைமாதக்காரி எண்ணெய்க் குடம் தூக்கிப் போவது மாதிரி போ என்று சொல்லி, ஆத்தா பாட்டு ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். காலையில் அரைமணி நேரம் போல, பாட்டு பாடிக்கொண்டே அடி அடியாகச் சுற்றினேன். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

மூன்றாவது மருந்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டரம்மா என்னை நித்யா என்ற பெண்ணிடம் அனுப்பினார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற சின்னப் பெண். நடக்கிறீர்களா அக்கா என்று கேட்டாள். தினமும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எங்கே நடந்து காட்டுங்கள் என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கையைக் கூப்பினேன். குதிகாலுக்குப் பெருவிரல் ஒட்டி ஒட்டி, பாட்டும் பாடிக்கொண்டே போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை உட்காரவைத்தாள்.

"அக்கா, சாமிக்கு இது நடைதான். உங்க ஹார்ட்டுக்கு இது நடையே இல்ல. நின்னுக்கிட்டே நகர்றீங்க. நடக்கறப்ப பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்துச்சுன்னா வேகம் பத்தல. பேச்சே வரலைன்னா வேகம் அதிகம், கொறச்சுக்குங்க. இவ்வளவுதான் கணக்கு."

அந்த வராந்தாவிலேயே என்னை வேகமாக நடக்க விட்டாள். கூடவே நடந்துகொண்டு, என்ன தொழில், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் சொல்ல முடிந்தது. இப்போது பாடுங்கள் என்றாள். வாயைத் திறந்தேன், பாட்டு வரவில்லை, காற்றுதான் வந்தது. இதுதான் வேகம் அக்கா, பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், காய்ச்சல் அடித்தால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அன்றைக்கு நடக்கக் கூடாது, உடனே போன் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். நெஞ்சு அடித்தது, ஆனால் மாடிப்படியில் அடித்த மாதிரி பயந்து அடிக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீடு ரெண்டு பட்டுப் போனது.

கோயிலைச் சுற்றி அந்த வேகத்தில் நடக்கவே கூடாது என்றார் நங்கையா. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஆத்தாளைச் சுற்றுவார்களா, ஏற்கெனவே சூடு, இன்னும் சூடு ஏற்றிக்கொண்டால் யார் பார்ப்பது, அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒரே பேச்சு. ரோட்டில் நடக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் லாரி, புகை, தூசி. எங்கள் ஊரில் லாரி பயமில்லாமல் சுற்றி நடக்க, வேப்பமர நிழலோடு இருக்கிற ஒரே இடம் கோயில் வளாகம்தான். அன்றைக்கு வீட்டுக்காரரும் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். அவர் அக்கா பக்கம்.

"எஞ்சின் சூடான வண்டியக் கொண்டுபோயி யாராச்சும் மேட்டுல ஏத்துவாங்களா புள்ள?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"லாரி ஸ்ட்ரைக்குல வண்டிய நிறுத்திப் போட்டுட்டு வந்தீங்களே, அப்பறம் போயி எடுத்தப்ப பேட்டரி என்ன ஆச்சுங்க?" என்று நானும் கேட்டேன்.

அன்றைக்கு நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் அந்த வண்டியைக் கிளப்பினார்கள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அதோடு விட்டுவிட்டார். நங்கையா விடவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும், ஆத்தாளிடமே பூவாக்குக் கேட்டுவிடுவோம் என்றார். கல்யாணம், கிணறு வெட்டு, வீடு கட்டுவது, எதுவானாலும் எங்கள் பக்கம் பூவாக்குக் கேட்காமல் செய்யமாட்டோம். ஒரு இலையில் வெள்ளைப்பூ, இன்னொரு இலையில் சிவப்புப்பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து ஆத்தா காலடியில் வைத்து, மனசில் இருப்பதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

இந்த இடத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கை சிலிர்க்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி வைத்தார். யார் கேட்பது என்றதும் நங்கையா முந்திக்கொண்டார். அவர் எப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? எனக்குச் சாதகமாகவா கேட்பார்?

"தாயி, மருந்து முடியற வரைக்கும் இவ ஊட்டுலயே படுத்துக் கெடக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வெள்ளை வந்தால் என் கதை முடிந்தது, திரும்பவும் கட்டில்தான், நெஞ்சு இறங்குவதை ஃபேன் காற்றில் படுத்துக்கொண்டே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். கண்ணைத் திறந்தேன். சிவப்பு. செவ்வரளி. இலையில் பளிச்சென்று கிடந்தது.

நங்கையா நம்பவில்லை. கை மாறி எடுத்துவிட்டீர்கள், இன்னொரு தடவை எடுங்கள் சாமி என்று பூசாரியைக் கெஞ்சினார். மறுபடி மடித்து, மறுபடி குலுக்கி, மறுபடி அதே கேள்வி. மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ கேள் என்று கண்ணால் சொன்னார். நான் முன்னால் போய், ஆத்தா, நான் உன்னை வேகமாகச் சுற்றலாமா, பாட்டு வராத வேகத்தில் சுற்றலாமா என்று கேட்டேன். வெள்ளை வந்தது. நந்தியாவட்டை.

என் வீட்டுக்காரர் அங்கேயே விழுந்து கும்பிட்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. நங்கையா ஆத்தா முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரி, அவளே சொல்லிட்டா, கிளம்பு என்றார். எங்கே என்றேன். சுற்றத்தான் என்றார்.

அன்றையிலிருந்து நங்கையா ஆளே மாறிவிட்டார். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீரோடு உட்கார்ந்துகொள்வார். நித்யா சொன்ன கணக்கை என்னிடம் ஒரே தடவை கேட்டார், பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது, பேசு அம்மிணி என்பார். என்னத்தைப் பேசுவது? அதற்கும் அவரே வழி வைத்திருந்தார். சொந்தபந்தத்தைக் கேட்பார். மல்லசமுத்திரத்துச் சின்னம்மாவின் மூத்த மருமகள் எந்த ஊர்? அவளுடைய தங்கையை எங்கே கொடுத்தார்கள்? அந்தச் சம்பந்தி நமக்கு என்ன முறை? நான் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். பதில் முழுதாக வந்தால் போ என்று கை காட்டுவார். திக்கினால் குறை என்பார். நடுநடுவே பாட்டை எடு என்று சோதிப்பார். ஒரு வரி பாடிவிட்டேன் என்றால் போச்சு, வேகம் பத்தாது என்று விரட்டுவார். என் உறவுமுறை முழுக்க எனக்கு மனப்பாடம் ஆனது அந்த வேப்பமரத்தடியில்தான்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்லமாட்டேன். மூன்றாவது மருந்து ஏறிய பிறகு சில நாள் வாந்தி, வாயெல்லாம் புண். கோயில் வாசல்வரை போய் ஒரே ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிய நாளும் உண்டு. நடக்கவே முடியாத நாளும் உண்டு. அன்றைக்கெல்லாம் நங்கையா திட்டமாட்டார், ஆத்தாளுக்கு நம் நிலைமை தெரியும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார். மறுநாள் எழுப்பிவிடுவார்.

தலையில் முடி ஒன்றுகூட இல்லை. வெயிலுக்குத் துண்டு கட்டியிருப்பேன். வெளியூரிலிருந்து கும்பிட வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, எந்தக் கோயில் மொட்டை என்று கேட்டார். இந்தக் கோயில்தானுங்க என்றேன். நடந்துகொண்டே சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே பட்டது. முடி போனதை நினைத்து அழுவது அன்றோடு நின்றது.

பங்குனி வந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, பங்குனியில்தான். பூச்சாட்டி நோம்பி தொடங்கியதும், மூன்று கிளை உள்ள மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னால் கம்பமாக நடுவார்கள். அந்தக் கம்பம்தான் ஆத்தாளின் புருஷன் என்று பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். பொழுது இறங்கியதும் தப்பட்டை அடிக்க, ஊரே கம்பத்தைச் சுற்றி ஆடும். மெதுவாக அல்ல. குதித்து, திரும்பி, கைவீசி, வேர்த்து விறுவிறுத்து ஆடுவார்கள். கம்பம் நட்ட அன்றைக்கு வாசலில் நின்று அதைப் பார்த்த நங்கையா என் கையைப் பிடித்தார். இத்தனை வருஷமாக ஆத்தா முன்னால் ஊரே இந்த வேகத்தில் சுற்றுகிறது, இது என் கண்ணில் படவே இல்லையே அம்மிணி என்றார். என் கண்ணிலும் படவில்லை.

எனக்கும் ஆடவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். கூட்டத்துக்குள் போகவே கூடாது, கூட்டம் இல்லாமல் கொஞ்ச நேரம் என்றால், உங்கள் நடை வேகத்தைத் தாண்டாமல் ஆடுங்கள் என்றார். எக்கோவுக்குக் குறித்துக் கொடுத்திருந்த நாளுக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம், ஊர் வந்து சேருவதற்கு முன்னால் நங்கையா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தப்பட்டைக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நங்கையா அவர்களிடம் போய் ஏதோ சொன்னார். ஒருவர் எழுந்து, மிதமாக ஒரு அடி அடிக்கத் தொடங்கினார். எனக்காக மட்டும்.

நான் ஆடினேன். மொட்டைத் தலையோடு, ஒரு பக்க மார்பு இல்லாமல், கம்பத்தைச் சுற்றி ஆடினேன். தப்பட்டை ஒரு பக்கம் அடிக்கிறது, என் நெஞ்சு ஒரு பக்கம் அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து போகிறது. வேர்த்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் மருந்து வாசமில்லாத நல்ல வேர்வை. ஆத்தா பாட்டைப் பாட வாயைத் திறந்தேன், வரவில்லை. அதுவே எனக்கு ஆனந்தம். ஆத்தா, பாட்டு வரல தாயி என்று அவளிடமே சொன்னேன். நங்கையா தண்ணீர்ச் சொம்போடு பின்னாலேயே வந்து, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே அவரும் இரண்டு சுற்று ஆடிவிட்டார்.

மறுநாள் சேலம். அதே அறை, அதே சில்லென்ற தடவல், அதே பெட்டி. இந்தத் தடவை நான் அதைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி ஆத்தாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கூப்பிடும்வரை வெளியே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் லோடை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வந்திருந்தார்.

உள்ளே போனதும் டாக்டரம்மா சிரித்தார். இறங்கவில்லை என்றார். அதோடு விடவில்லை, போன தடவையைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். மாத்திரையும் உதவியிருக்கும், நடையும் உதவியிருக்கும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, எதையும் நிறுத்தாதீர்கள், நான்காவதை ஏற்றிவிடலாம் என்றார். நங்கையா எழுந்து நின்றார். டாக்டரம்மா தலையில் இரண்டு கையையும் வைத்து, நல்லா இரு சாமி என்று சொன்னார். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எக்கோவில் என் நெஞ்சு தாங்கியது, அவர்தான் தாங்கவில்லை.

நான்காவது சிவப்பு மருந்து ஏறியது. அதன்பின் அடுத்த மருந்தும் ஏறியது, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள், எல்லாம் முடிந்தது. ஒரு மருந்தும் நிற்கவில்லை. கடைசியாகப் பார்த்த எக்கோவில் என் இருதயம் கீமோவுக்கு முன்னால் இருந்த அளவுக்கே வந்துவிட்டது என்றார்கள். நான் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றுதான். மருந்து முடிகிற வரைக்கும் தாங்கு என்று கேட்டேன். முடிந்த பிறகும் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் செய்தியோடு வந்து பஸ் இறங்கியதும் நேரே கோயில்தான். நான் வழக்கம்போல வேகமாகக் கிளம்பினேன். நங்கையா நில் என்றார்.

"இன்னிக்கு மெதுவாப் போ. இன்னிக்குப் பாடு அம்மிணி."

குதிகாலுக்குப் பெருவிரல் ஒட்டி ஒட்டி, ஒரே ஒரு சுற்று, முழுப் பாட்டையும் பாடினேன். ஒரு வரியிலும் மூச்சு முட்டவில்லை. இப்போதும் அப்படித்தான். தினமும் வேகமாக நடப்பது என் நெஞ்சுக்கு, கடைசிச் சுற்று மட்டும் மெதுவாக, பாட்டோடு, அது அவளுக்கு.

இன்றைக்கு என் தையல் மெஷின்மேல் தார்ப்பாய் மூடி இல்லை. தலையில் சுருள் சுருளாக முடி வந்திருக்கிறது, நங்கையா அதில் பூ வைக்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப் போகிறார். கொஞ்சம் தைத்தால் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவேன். காலையில் கோயிலுக்கு நான் தனியாகப் போவதும் இல்லை. சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் என்று பெண்கள் ஒரு கூட்டமாக வருகிறார்கள். முதலில் முகம் சுளித்த பூசாரி இப்போது எங்களுக்காக வளாகத்தில் கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்.

என்னைப் போல மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிற அக்கா தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். ஆத்தாளைக் கும்பிடுங்கள், டாக்டர் கொடுக்கிற மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு நடை ஆகும் என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, கட்டிலை விட்டு எழுந்திருங்கள். ஒரு சுற்றுதான் முடியும் என்றால் ஒரு சுற்று நடங்கள், அவள் கணக்குப் பார்க்கமாட்டாள். பயமாக இருந்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். வேப்பமரத்தடியில் நங்கையா உட்கார்ந்திருப்பார். நீங்கள் எந்த ஊர், உங்கள் சின்னம்மாவை எங்கே கொடுத்தது, அவர் மருமகள் யார் பெண் என்று கேட்பார். மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்லுங்கள். பாட்டைக் கடைசிச் சுற்றில் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொள்ளலாம்.